செருப்பு கழண்டது தெரியாத கால்

எல்லாருக்கும் வணக்கம். சுகர்னாலே சோறு, இட்லி, மாம்பழம்னுதான் பேச்சு போகும், இன்னிக்கு அத விட்டுட்டு பாதத்துக்கு வருவோம்.

போன மாசம் ஒரு பெரியவர் வந்தாரு. ஒரு கால்ல செருப்பு, இன்னொண்ணு வெறுங்கால். என்னங்கய்யா ஒத்தச் செருப்புன்னு கேட்டா, குனிஞ்சு பாத்துட்டு அவரே முழிக்கிறாரு. பஸ் ஸ்டாண்டுல இருந்து வர்ற வழியில எங்கயோ கழண்டிருக்கு, தெரியவே இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி இதே மனுஷன் ராத்திரியானா கால் மொளகா அரச்ச கையாட்டம் எரியுது, போர்வை பட்டாகூட தாங்கலன்னு வந்தவரு. இப்ப "எரிச்சலே நின்னுபோச்சு டாக்டர்"ன்னு சந்தோஷமா சொல்றாரு. எனக்கு அதக் கேட்டுதான் பயம்.

நரம்பு செத்துட்டா வலிக்காதுங்க. முதுகுல இருந்து கால் விரல் வரைக்கும் போறதுதான் உடம்புலயே நீளமான நரம்பு, சர்க்கரை வருஷக்கணக்கா ஏறிக் கெடந்தா மொதல்ல அடி வாங்குறது அதோட நுனி, அப்புறம் சாக்ஸ் போட்ட மாதிரி ரெண்டு கால்லயும் மேல ஏறும். ஒரு கால் மட்டும் மரத்துச்சுன்னா முதுகையும் பாக்கச் சொல்லுங்க. மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய ரொம்ப வருஷமா போடுறவங்களுக்கு பி12 வைட்டமின் கொறஞ்சாலும் இப்படித்தான் மதமதன்னு இருக்கும், அதையும் டெஸ்ட் பண்ணிருங்க.

கொல்லிமலையில 1914ல பொறந்த பால் பிராண்டுன்னு ஒரு டாக்டர், 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தாரு. தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழும்னு ஊரே நம்புன காலம். அவரு உக்காந்து கவனிச்சுட்டு சொன்னாரு, நோய் விரலத் தின்னல, வலி தெரியாததால புண்ணு மேலயே நடந்து நடந்து அவங்களே தேய்ச்சிடுறாங்கன்னு. பின்னாடி அமெரிக்கா போயி சுகர்காரங்க பாதத்துலயும் இதே கததான்னு காட்டுனாரு. நாங்க எழுதித் தர்ற எம்சிஆர்ங்கிற மெத்துமெத்து ரப்பர் செருப்பு இருக்கே, அந்த ரப்பரே வேலூர் பக்கம் தொழுநோயாளிங்களுக்காக வந்ததுதான். அது தெரிஞ்சு மூஞ்சச் சுளிச்சுட்டு வாங்காம போறவங்க இருக்காங்க, என்னத்த சொல்ல.

கால் ஆணின்னு பிளேடு வெச்சு சீவாதீங்க, கார்ன் பிளாஸ்டரும் ஒட்டாதீங்க, அதுல ஆசிட் இருக்கு. வெந்நீர் சூட்ட கால விட்டுப் பாக்காம முழங்கையால பாருங்க. சித்திர வெயில்ல கோயில் பிரகாரத்துல சாக்ஸ் போட்டு நடங்க, சாமி கோவிச்சுக்காது. ஷூ போடுறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டுங்க, ஒருத்தர் பேரனோட கோலிகுண்ட உள்ள வெச்சுக்கிட்டு பகல் முழுக்க நடந்திருக்காரு.

கேள்வி அப்புறம் கேளுங்க. அந்த டேபிள்ல சிஸ்டர் நைலான் இழை வெச்சிருக்காங்க, 10 கிராம் அழுத்தத்துல வளையும், பாதத்துல தொடுறது தெரியுதான்னு பாப்பாங்க. சாக்ஸ கழட்டிட்டு வரிசையா வாங்க.