குஞ்சியம்மாவின்ர கலியாண சீடியும் திறக்க ஏலாத பைலும்

வணக்கம் எல்லாருக்கும். சத்தம் வடிவாக் கேக்குதோ? பின்னால தண்ணி மோட்டர் ஓடுது, குறை நினைக்காதேங்கோ. நான் கமராவைத் தூக்கினாத்தான் எங்கட வீட்டில தண்ணி இறைக்கிற எண்ணம் வரும்.

இண்டைக்கு ஒரு சீடியின்ர கதை. போன கிழமை கொக்குவிலில இருந்து குஞ்சியம்மா வந்தவ. கையில ஒரு பழைய சீடி. மார்க்கரால "கலியாணம் 2003 – 1" எண்டு எழுதிக் கிடக்கு. ஒரு கடையில குடுத்துப் பாத்தவவாம். "இதில வீடியோ ஒண்டும் இல்லை அம்மா, ஏதோ டேட்டாதான் கிடக்கு" எண்டு சொல்லித் திருப்பிக் குடுத்திட்டினமாம். மனுசி அழாக்குறை.

போட்டுப் பாத்தன். உள்ளுக்க நாலைஞ்சு ஃபோல்டர். இந்தா, ஸ்கிரீனில காட்டுறன். இந்த "எம்பெக்ஏவி" எண்ட ஃபோல்டருக்க மட்டும் ஒரு பெரிய பைல், 600 எம்பிக்குக் கிட்ட. பேரின்ர முடிவில டொட் டிஏடி. டபுள் கிளிக் பண்ணினால் விண்டோஸ் "இதை எதால திறக்கிறது?" எண்டு என்னட்டையே கேக்குது. உனக்கே தெரியாட்டி எனக்கு எப்பிடித் தெரியும்!

டிஏடி எண்டால் டேட்டா. அரிசிச் சாக்கில "சாமான்" எண்டு எழுதி வச்ச மாதிரி. அவுட்லுக்கில இருந்து வாற ஈமெயிலில சில நேரம் வின்மெயில் டொட் டிஏடி எண்டு ஒண்டு ஒட்டிக்கொண்டு வரும், அதுவும் டிஏடிதான், ஆனால் அதுக்க இருக்கிறது கடிதமும் இணைப்பும். ஏன் இப்பிடி எண்டால், விண்டோஸுக்கு முந்தின அந்தக் கால டொஸில பேருக்கு 8 எழுத்து, புள்ளிக்குப் பிறகு 3 எழுத்து, அவ்வளவுதான் இடம். உலகத்தில உள்ள சொஃப்ட்வெயர்காரர் எல்லாரும் அந்த மூண்டு எழுத்துக்குள்ள பேர் வைக்கப் போனால் ஒரே பேர் ரெண்டு மூண்டு பேருக்கு விழத்தானே செய்யும்.

எங்கட குசினியில நெஸ்டமோல்ட் போத்தல் ஒண்டு இருக்கு. உள்ளுக்க கறித்தூள். ஊரில எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான். லேபிளை வாசிச்சுப்போட்டுப் பாலுக்க போட்டால் என்ன நடக்கும்? மூடியைத் திறந்து மணந்து பாக்கவேணும். பைலுக்கும் அந்த மணம் இருக்கு. பெரும்பாலான பைல்களின்ர முதல் சில எழுத்திலயே அது இன்ன சாதிச் சாமான் எண்டு எழுதிக் கிடக்கும்.

இதில நான் ஒரு மடை வேலை பாத்தனான், ஒளிக்கேல்லை. அந்த 600 எம்பி பைலை அப்பிடியே நோட்பேடில போட்டிட்டன். கொம்பியூட்டர் நிண்டு போச்சு. தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு முடிச்சு வந்து பாத்தாலும் அந்த வட்டம் சுத்திக்கொண்டு நிக்குது. சின்னப் பைல் எண்டால் நோட்பேட் பறவாயில்லை. பெரிசெண்டால், பைலுக்க இருக்கிறதை அப்பிடியே இலக்கமாயும் எழுத்தாயும் காட்டுற ஹெக்ஸ் எடிட்டர் வேணும். நான் பாவிக்கிறது எச்எக்ஸ்டி, காசில்லை.

இப்ப அதில திறக்கிறன். இந்தா முதல் வரி. இடப்பக்கம் இலக்கங்கள், அதை விடுங்கோ. வலப்பக்கம் பாருங்கோ: ஆர், ஐ, எஃப், எஃப். கொஞ்சம் தள்ளி சி, டி, எக்ஸ், ஏ. கண்டீங்களோ? இதுதான் விடை. இது வீடியோ சீடி. உள்ளுக்க இருக்கிறது எம்பெக் 1 வீடியோ, 352க்கு 288 அளவு. அந்த நாளையில கலியாண வீட்டு வீடியோக்காரர் எல்லாரும் இதிலதான் அடிச்சுத் தந்தவை.

விஎல்சி எண்ட வீடியோ பிளேயரைத் திறந்து பைலை இழுத்து அதுக்க விட்டன். ஓடிச்சுது! முதல்ல ரெண்டு இதயம் சுத்திச் சுத்தி வருது, அதுக்க மாப்பிள்ளை பொம்பிளையின்ர தலை. நாதஸ்வரம் கொஞ்சம் கீறலோட. குஞ்சியம்மா வீடியோ கோலில பாத்துக்கொண்டு, "அந்தா, அந்தப் பச்சைச் சீலை நான்தான்" எண்டுறா. அந்த அளவுப் படத்தில பச்சை தெரியுது, முகம் தெரியேல்லை. அது வேற விசயம்.

சரி, வேற என்ன எழுத்துகள் கண்ணில படும்? பீ, கே எண்டு துவங்கினால் அது சிப் பைல். பில் கட்ஸ் எண்டவர் 1989இல பீகேசிப் செய்தவர், அவற்ற பேரின்ர முதல் எழுத்துத்தான் அது. வேர்டின்ர டொக்எக்ஸ், எக்செலின்ர எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஈபப், போனுக்குப் போடுற ஏபிகே எல்லாத்துக்கும் உள்ளுக்க இந்த பீகேதான். நம்ப ஏலாட்டி ஒரு டொக்எக்ஸைக் கொப்பி எடுத்து, கடைசியை சிப் எண்டு மாத்தித் திறந்து பாருங்கோ, உள்ளுக்க "வேர்ட்" எண்டு ஒரு ஃபோல்டர் இருக்கும். பீடிஎஃப் எண்டால் வீத அடையாளம் போட்டு பீடிஎஃப் எண்டே எழுதியிருக்கும், மறைக்கத் தெரியாத பிள்ளை. எம், இசட் எண்டு கண்டால் கையை எடுங்கோ. அது விண்டோஸில ஓடுற புரோகிராம். மார்க் ஸ்பிகோவ்ஸ்கி எண்ட மைக்ரோசொஃப்ட் எஞ்சினியரின்ர பேர் எழுத்து. "படம்" எண்டு சொல்லி அனுப்பின பைலில எம்இசட் இருந்தால், அனுப்பினவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோ.

இதோட ஒரு செற்றிங்கும் மாத்த வேணும். பைல் பேரில புள்ளிக்குப் பிறகு வாற கடைசி எழுத்துகள் தனக்குத் தெரிஞ்சதெண்டால் விண்டோஸ் ஒளிச்சு வைக்கும். 2000ஆம் ஆண்டு மே மாசம் "ஐ லவ் யூ" எண்ட வைரஸ் உலகம் முழுக்க ஓடினது இந்த ஒளிப்பை வச்சுத்தான். பைலின்ர உண்மையான முடிவு டொட் டிஎக்ஸ்டி டொட் விபிஎஸ். விபிஎஸ் எண்டால் ஓடுற புரோகிராம். அது மறைஞ்சு போச்சு, சனம் காதல் கடிதம் எண்டு நினைச்சுத் திறந்தது. அதால ஃபைல் எக்ஸ்ப்ளோரரில வியூவுக்குப் போய், ஷோவில ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் எண்டதுக்குச் சரி போட்டு விடுங்கோ. இப்பவே.

இன்னொண்டு. கூகிளில தேடினால் "எல்லாப் பைலையும் திறக்கும்" எண்டு ஒரு விளம்பரம் முன்னுக்கு வந்து நிக்கும். அதை இறக்காதேங்கோ. காணி உறுதி, அடையாள அட்டை ஸ்கான் மாதிரிச் சாமான்களை ஒன்லைனில மாத்துற சைட்டுகளில ஏத்தவும் வேண்டாம். லண்டன் மச்சாள் ஐபோனால அனுப்பின எச்ஈஐசி படத்துக்கு வெறுமன ஜேபிஜி எண்டு பேரை மாத்திறதும் பிரயோசனம் இல்லை. பேர்தான் மாறும், படம் மாறாது.

இனி எங்கட ஊருக்கே உரிய தலையிடி. அதே கிழமை தம்பி ஒரு பென் டிறைவைத் தந்தவன். அப்பப்பாவின்ர 31ஆம் நாள் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம். அச்சகத்தில 2005இல அடிச்சது. டொட் பிஎம்டி, அதாவது புத்தகப் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர். கடைசிப் பதிப்பு 7, 2001இல வந்தது, பிறகு அடோபி அதைக் கைவிட்டிட்டுது. காசில்லாத லிப்ரே ஒஃபீஸ் 2015இல இருந்து இதைத் திறக்கும், அதில இருக்கிற டிறோவில போட்டால் வரும். வந்தது. ஆனால் ஒரு சொல்லுத் தமிழ் இல்லை!

இந்தா பாருங்கோ. எம், கே, செமிகோலன், கே, எச். இது என்ன சொல்லு? பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில தட்டச்சு அடிச்ச ஆக்களுக்கு உடன விளங்கும். அம்மா. எம் எண்டால் அகரம், கே எண்டால் மகரம், செமிகோலன் குத்து, எச் அரவு. பைல் சரியாத்தான் திறந்திருக்கு, எழுத்துருதான் இல்லை. கனபேர் இந்த இடத்திலதான் "பழுதாப் போச்சு" எண்டு அழிக்கிறவை. பாமினியை இன்ஸ்டோல் பண்ணினன், தேவாரம் கண்ணுக்கு முன்னால விரிஞ்சுது. பிறகு, எந்தக் கொம்பியூட்டரிலயும் தமிழாத் தெரியிற யூனிகோட்டுக்கு மாத்தி எடுத்து வச்சிட்டன், அடுத்தமுறை இந்தக் கூத்து வேண்டாம்.

ஒரு குறை. வரிகள் அங்க இங்க இடம்மாறி நிக்குது, குடும்பப் படம் வரவேண்டிய இடத்தில வெறும் பெட்டி. பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தனக்குள்ள வைக்காமல், "அந்த ஃபோல்டரில இருக்கு" எண்டு முகவரியை மட்டும் வச்சுக்கொள்ளும். அந்த ஃபோல்டர் அச்சகத்தின்ர பழைய சீடியில இருந்திருக்கும்.

அம்மா சொல்லுறா, அப்பிடி ஒரு சீடி அலுமாரிக்கு மேல இருக்கிற சூட்கேசுக்க கிடக்காம். ஏணி எடுக்கச் சொல்லிக் கூப்பிடுறா, கேக்குதுதானே. போட்டு வாறன்.