உப்புத் தண்ணீர் ஊரில் ஏர் கூலர்: நிரப்புவது சுலபம், காலி செய்வதுதான் வேலை

[காட்சி: கூலரின் பின்பக்கக் கதவு கழற்றப்பட்டிருக்கிறது. ஹனிகோம்ப் பேடின் மேல் வெள்ளைப் படிவு.]

வணக்கம். இந்தப் பேடைப் பாருங்கள், கூலரில் தண்ணீர் இறங்கி நனைய, ஃபேன் இழுக்கும் காற்று புகுந்து வரும் அட்டை இதுதான். வாங்கும்போது நல்ல காபித்தூள் நிறம். இப்போது தட்டினால் வெள்ளைத் தூள் கொட்டுகிறது, கண்ணறைகளில் பாதி அடைத்துக்கொண்டிருக்கின்றன. இப்படி ஆன கூலரிலிருந்து சூடான காற்றுதான் வரும். உடனே "மெஷின் போச்சு" என்று பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிடுகிறோம். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்ம ஊர்த் தண்ணீரின் வேலை இது.

வேலூரைப் பற்றி ஊரே சொல்லும் கிண்டல் ஒன்று உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை. அதில் முதல் இரண்டும் கூலர் வைத்திருப்பவருக்கு முக்கியம். ஊரைச் சுற்றி மொட்டைப் பாறை, பகலெல்லாம் காய்கிறது. கடல் தூரம் என்பதால் கோடையில் காற்றும் வறண்டிருக்கும். கூலருக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது. ஆனால் பாலாறு காய்ந்து கிடப்பதால் பாதி வீடுகளுக்குப் போர் தண்ணீர்தான் கதி, அதிலுள்ள உப்பு கூலருக்கு எமன். பழைய வட ஆற்காடு முழுக்க ஏறக்குறைய இதே கதைதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் தொழிலின் கழிவும் நிலத்தடி நீரில் உப்பை ஏற்றிவைத்திருக்கிறது.

முதலில் கூலர் எப்படிக் குளிர வைக்கிறது என்று பார்த்துவிடலாம். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான். தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைப் பக்கத்தில் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகும்.

சிலர் டேங்கில் ஐஸ் கட்டி போடுகிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகினால் எடுத்துக்கொள்வது 334 கிலோஜூல்தான். அதாவது ஒரு லிட்டர் ஆவியாகும்போது போவதில் ஏழில் ஒரு பங்கு. ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் செலவழித்து உறைய வைத்ததை இங்கே கொண்டுவந்து கரைப்பானேன்? ஐஸை மோருக்குப் போடுங்கள்.

எவ்வளவு குளிரும் என்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால் எந்த அளவுக்கு இறங்குமோ, அதற்குக் கீழே எந்தக் கூலராலும் போக முடியாது. வேலூரில் 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்று வையுங்கள். ஈரத்துணி தெர்மாமீட்டர் 25 காட்டும். இடைவெளி 15 டிகிரி. நல்ல பேட் அதில் முக்கால்வாசியைக் கடக்கும், அதனால் உங்கள் மேல் படும் காற்று 29 டிகிரி வாக்கில் இருக்கும். சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் ஈரத்துணி 29-லேயே நின்றுவிடும். இறங்குவது ஐந்து டிகிரிதான், உடம்பும் பிசுபிசுக்கும். சென்னைச் சொந்தக்காரர் "கூலரா, வேஸ்ட்" என்று சொன்னால் அவர் ஊருக்கு அது சரி.

[காட்சி: அறையின் வரைபடம். ஜன்னலில் கூலர், எதிர்ச்சுவரில் திறந்த ஜன்னல்.]

இதே காரணத்தால்தான் கதவைச் சாத்திக்கொண்டு கூலர் போடக்கூடாது என்கிறோம். ஏசி பழக்கத்தில் எல்லாவற்றையும் இழுத்து மூடினால், ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று ஈரத்தில் ஊறிவிடும், அப்புறம் பேடில் தண்ணீர் ஆவியாகாது. கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்க்கட்டும், எதிர்ப்பக்கம் ஜன்னலோ கதவோ திறந்திருக்கட்டும். ஜூன், ஜூலையில் சாயங்காலம் இடி மழை பெய்த ராத்திரிகளில் பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், அதுவே போதும்.

சரி, இப்போது உப்புக் கணக்கு. இந்த வீடியோவே இதற்காகத்தான்.

[காட்சி: டிடிஎஸ் மீட்டர் போர் தண்ணீர் டம்ளரில். திரையில் 1000.]

டிடிஎஸ் 1000 என்றால் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு. உங்கள் வீட்டுத் தண்ணீர் கூடவோ குறையவோ இருக்கலாம். குடிநீருக்கு இந்தியத் தர அமைவனம் சொல்லும் அளவு 500, வேறு வழியில்லை என்றால் 2000 வரை. நாம் 1000 என்றே வைத்துக்கொள்வோம். அறுபது லிட்டர் டேங்கை நிரப்பி ராத்திரி முழுக்க ஓட்டுகிறீர்கள். மணிக்கு ஐந்து லிட்டர் வீதம் பத்து மணி நேரத்தில் ஐம்பது லிட்டர் ஆவியாகிவிடுகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அறுபது கிராம் உப்பும் மிச்சமிருக்கும் பத்து லிட்டரில் உட்கார்ந்துவிடுகிறது. இப்போது அதன் டிடிஎஸ் 6,000.

நாம் என்ன செய்கிறோம்? அதன் மேலேயே ஐம்பது லிட்டர் ஊற்றி மறுபடி ஓட்டுகிறோம். அடுத்த காலை 110 கிராம், அதே பத்து லிட்டரில். டிடிஎஸ் 11,000. மூன்றாம் நாள் 16,000. கடல் தண்ணீரே 35,000 தான். அத்தனையும் கரைந்தே இருக்காது, சுண்ணாம்புச் சத்து முன்கூட்டியே பிரிந்து பேடில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான்.

எனவே தினமும் காலையில் அடியில் இருக்கும் டிரெயின் மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரை வெளியே விடுங்கள். "லாரி தண்ணி வாங்குற ஊர்ல கீழ ஊத்தச் சொல்றீங்களே" என்று கேட்பீர்கள், நியாயம்தான். பாத்ரூம் கழுவ, வாசல் தெளிக்க அந்தப் பத்து லிட்டர் ஆகும். செடிக்கு மட்டும் வேண்டாம், துளசி முதலில் கருகும்.

அப்புறம் ஆர்ஓ கழிவுத் தண்ணீர். வீணாகிறதே என்று பக்கெட்டில் பிடித்துக் கூலரில் ஊற்றும் வீடுகள் நிறைய. நல்ல மனசுதான், ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது தரை துடைக்கப் போகட்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் புழங்க மிஞ்சும் தண்ணீரைக் கூலருக்கு வைத்துக்கொண்டால் பேட் பிழைக்கும்.

[காட்சி: நெருக்கத்தில், பேடின் மேலே இருக்கும் தண்ணீர்க் குழாய். வரிசையாகச் சின்ன ஓட்டைகள், இரண்டு அடைத்திருக்கின்றன.]

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பம்ப் ஏற்றும் தண்ணீர் இந்த ஓட்டைகள் வழியாகத்தான் பேடில் இறங்குகிறது. ஒரு ஓட்டை அடைத்தால் அதற்கு நேர் கீழே ஒரு பட்டை காயும். காய்ந்த இடத்தில் உப்பு படியும், படிந்த இடத்தில் தண்ணீர் இறங்காது, அந்தப் பட்டை வழியாக வெளி அனல் அப்படியே உள்ளே வரும். கையால் தடவினால் தெரிந்துவிடும்: சில்லென்று, சில்லென்று, திடீரென்று ஒரு காய்ந்த கோடு. ஊக்கால் ஓட்டையைக் குத்திவிட்டால் வேலை முடிந்தது. பேட் மாற்ற வேண்டும் என்று நினைக்கும் பலருக்கு இதுவே போதும்.

படிந்துவிட்டதைக் கரைக்க வினிகர், அல்லது மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருகிற சிட்ரிக் ஆசிட். ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புப் படிவு, கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து பேடை ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். கம்பி பிரஷ் கூடாது, அது கெட்டிக் காகிதம்தான், பிய்ந்துவிடும். பிளீச்சிங் பவுடரை எக்காரணம் கொண்டும் இதோடு சேர்க்காதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

புல் பேட் என்று கடையில் சொல்லும் மரச்சுருள் பேடை ஊறவைத்து மெனக்கெட வேண்டாம், விலை குறைவு, வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடலாம். வெட்டிவேர் பேடும் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் வீடுகளில் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்ததும் இதே வித்தைதான். வாசனைக்கு அதை அடிக்க எதுவும் இல்லை, ஆனால் உப்புத் தண்ணீரில் அதுவும் சீக்கிரம் விறைத்துவிடும்.

பம்ப் "உம்ம்" என்று சத்தம் போட்டும் தண்ணீர் ஏறவில்லை என்றால், மூடியைத் திருகி உள்ளே இருக்கும் சின்ன விசிறியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் உப்பில் சிக்கியிருக்கும், அதே லெமன் சால்ட் தண்ணீரில் போட்டால் விடுபடும். பிளக்கை உருவிவிட்டுத்தான் இதெல்லாம். தகர உடம்புக் கூலருக்கு எர்த் கட்டாயம். வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் முங்கியிருக்கும் மோட்டார் அது, குழந்தைகள் ஈரக்கையோடு தொடுவார்கள்.

கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டேங்க் சுவரில் ஒட்டிவைக்கும். அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை டேங்க் உட்சுவரை நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

கரண்ட் செலவு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 200 வாட் கூலர் தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட், இரண்டு மாத பில்லில் 120 யூனிட்.

குழந்தைக்குச் சளி என்று சின்ன ஹியூமிடிஃபையர் வாங்குகிறவர்களுக்கும் இதே விதிதான். திரி வைத்த ஆவியாக்கும் வகை உப்பைத் திரியில் நிறுத்திக்கொள்ளும், திரியை மாற்றினால் போதும். புகை மாதிரி பனி கக்குகிற அல்ட்ராசோனிக் வகையில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பும் சேர்ந்து பறந்து, டிவி, பீரோ எல்லாம் வெள்ளைப் பொடியாகும். அதையேதான் குழந்தையும் மூச்சில் இழுக்கும். என்னைக் கேட்டால், ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையைத் தவிர வேலூரில் அதற்குத் தேவை குறைவு.

மழைக்காலம் தொடங்கி, இனி கூலர் வேண்டாம் என்றானதும் டேங்கைக் காலி செய்து, நல்ல தண்ணீரில் பம்பைப் பத்து நிமிடம் ஓட்டி பேடை அலசிவிட்டு, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றி, ஃபேனை மட்டும் போட்டு பேடை நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் சித்திரையில் திறக்கும்போது மீன் வாடை அடிக்கும். புதுப் பேட் வாங்குவதாக இருந்தால் கத்திரி வெயில் வரை காத்திருக்காமல் மாசியிலேயே போய்விடுங்கள். போகும்போது நீளம், அகலத்தோடு தடிமனையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தடிமனைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.