அடி உதவுமா, அண்ணன் தம்பி உதவுவார்களா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ரோமப் படையைக் கட்டிக் காத்தது தண்டனையா, தோழமையா என்பது தலைப்பு. நான் தோழமைக் கட்சி. அது கிடக்கட்டும். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிப் போனாரே, அதற்குப் பதில் சொல்லாமல் போனால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது.

அண்ணே, ரோமில் அந்த அடியைக் கொடுத்ததே அண்ணன் தம்பிதான்!

கேளுங்கள். அடிமைகளைத் திரட்டி ரோமை அலறவிட்டவன் ஸ்பார்ட்டகஸ். அவனை அடக்கக் கிளம்பிய ரோமத் தளபதி கிராசஸ், தன் கீழிருந்த மம்மியஸ் என்பவரிடம் இரண்டு படைப்பிரிவுகளைக் கொடுத்து, பின்னாலேயே போ, சண்டை மட்டும் போடாதே என்று அனுப்பினார். மம்மியஸ் என்ன செய்தார்? சண்டை போட்டார். படை ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடியது. கிராசஸ் புது ஆயுதம் கொடுத்தார், சும்மா இல்லை, "இனித் தொலைக்க மாட்டோம்" என்று ஜாமீன் வாங்கிக்கொண்டு!

அப்புறம் முதலில் ஓடிய 500 பேரைப் பிடித்து, பத்துப் பத்தாக 50 குழு பிரித்து, குழுவுக்கு ஒருவன் என்று சீட்டுப் போட்டுக் கொன்றார். முதலில் ஓடியவன், கடைசியில் ஓடியவன் எல்லாம் சீட்டுக்குத் தெரியுமா? சரி, மம்மியஸுக்கு என்ன ஆனது? கிராசஸ் அவரிடம் கடுமை காட்டினார் என்கிறார் அந்தக்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். அவ்வளவுதான்! இன்னொரு தடவை சொல்கிறேன். சண்டை வேண்டாம் என்ற உத்தரவை வாங்கியவர் மம்மியஸ். மீறியவர் மம்மியஸ். திட்டு வாங்கியவர் மம்மியஸ். செத்தது ஐம்பது சிப்பாய்! அண்ணே, இந்த நியாயத்துக்கா கைதட்டு வாங்கினீர்கள்?

இந்தத் தண்டனை எப்படி நடக்கும் என்று பாலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். சீட்டு விழுந்தவனைக் கூட இருந்தவர்களே தடியால் அடித்துக் கொல்ல வேண்டும். மிச்சப் பேருக்குக் கோதுமைக்குப் பதில் பார்லி. நம் வீட்டில் காய்ச்சல்காரனுக்குத்தான் பார்லிக் கஞ்சி, அங்கே உயிர் பிழைத்தவனுக்கு! படுக்கையும் முகாம் அரணுக்கு வெளியே.

பயந்த படை அதற்குப் பிறகு ஒழுங்காகக் காவல் காத்ததா? இத்தாலியின் தென்கோடியில் ஸ்பார்ட்டகஸை மடக்கக் கிராசஸ் வெட்டிய அகழியை, பனி கொட்டிய ஒரு ராத்திரியில் அவன் தாண்டிப் போய்விட்டான். கடைசியில் கி.மு. 71இல் கிராசஸ் ஜெயித்தார், மறுக்கவில்லை. அண்ணன் அதைப் பிடித்துக்கொள்வார், பிடிக்கட்டும்.

தாய்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சீட்டு விழுந்தவனைப் பெற்றவளுக்காக அழுவோம். தடி எடுத்த ஒன்பது பேரைப் பெற்றவள்? மகன் முழுசாகத் திரும்பி வருகிறான். "உன் சிநேகிதன் எங்கேப்பா, உன்கூடத்தானே போனான்?" என்று வாசலிலேயே கேட்பாள். அந்தப் பிள்ளை என்ன சொல்வான்?

நடுவர் அவர்களே, அண்ணனின் பழமொழிக்கு நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். பரவாயில்லை. தீர்ப்பு சொல்லும்போது மட்டும் தாய்மார்கள் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.