சொட்டு பாட்டிலும் பென்சில் லேபிளும்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கெமிஸ்ட்ரி லேப்ல பல வருஷம் வேலை பாத்தவன்கிறதால பேச கூப்பிட்டாங்க. ஆசிட் பத்தி பேசுறீங்களான்னு கேட்டாங்க, ஆசிட் பத்தி எச்சரிக்க நிறைய பேர் இருக்காங்கங்க, அந்த ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்துலயே டிராப்பர் வச்ச ஒரு சின்ன பாட்டில் நிக்கும் பாருங்க, அதைப் பத்தி ரொம்ப நாளா பேசணும்னு இருக்கு, அதுக்கு இடம் குடுங்கன்னு கேட்டு வந்திருக்கேன்.

இண்டிகேட்டர். புத்தகத்துல நிறங்காட்டின்னு படிச்சிருப்பீங்க, ஆசிடா காரமான்னு நிறம் மாறி காட்டுற சாயம். பிளாஸ்க்ல ஆசிட் எடுத்து, அதுல பினாப்தலீன் ரெண்டு மூணு சொட்டு விட்டு, பியூரெட்ல, அதாவது அளவு கோடு போட்ட நீளக் குழாயில இருந்து காரத்தை சொட்டு சொட்டா விட்டுக்கிட்டே பிளாஸ்க்கை சுத்துவோம், ஒரு சொட்டுல டக்குனு வெளிர் ரோஸ் வரும். பள்ளிக்கூடத்துல ஒரு தடவை பாத்தவங்களுக்கு மத்ததெல்லாம் மறந்திருந்தாலும் அந்த ரோஸ் மறந்திருக்காது. பிஹெச்ங்கறது ஆசிடா காரமான்னு சொல்ற அளவு, 7க்கு கீழ ஆசிட், மேல காரம். பினாப்தலீனுக்கு பிஹெச் 8.2 வரைக்கும் நிறமே கிடையாது, அதுக்கு மேல ரோஸ் ஏறிக்கிட்டே போயி 10ல நல்லா அடர்த்தியாயிடும். மெத்தில் ஆரஞ்ச் வேற மாதிரி, 3.1க்கு கீழ சிவப்பு, 4.4க்கு மேல மஞ்சள். இந்த ரெண்டும் இல்லாத லேப் அபூர்வம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கந்தக அமில பாட்டிலை எடுக்கும்போது எல்லாரும் மூச்சை பிடிச்சுக்கிட்டு எடுப்பாங்க, அதே ஆள் இண்டிகேட்டர் பாட்டிலை சட்டைப் பாக்கெட்ல பேனா வைக்கிற மாதிரி தூக்கிட்டு போவாங்க. சொட்டுக்கணக்குல தான பயன்படுத்துறோம், அது என்ன செய்யும்னு நினைப்பு. ஆனா அந்த பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. பினாப்தலீன் தண்ணியில சரியா கரையாது, அதனால ஆல்கஹால்ல தான் கரைக்கிறாங்க. 1 சதவீத கரைசல்னா 100 மில்லியில சாயம் 1 கிராம் தான், மிச்சம் ஆல்கஹால், கொஞ்சம் தண்ணி சேர்ந்திருக்கும். கைக்கு சானிடைசர் போட்டா ஜில்லுனு இருந்து காஞ்சு போகுதில்ல, அதே சங்கதி தான் உள்ள இருக்கு. அதாவது நாம சாய பாட்டில்னு நினைச்சு பர்னர் பக்கத்துல வைக்கிறது உண்மையில ஸ்பிரிட் பாட்டில். இதை திரும்ப சொல்றேன், எனக்கு இது முக்கியம், அது சாய பாட்டில் இல்ல, சாயம் கொஞ்சமா போட்ட ஸ்பிரிட் பாட்டில்.

இதுல எனக்கு மறக்க முடியாத ஒரு சம்பவம் இருக்கு. நான் வேலை பாத்த ஒரு லேப்ல ஒரே அளவுல ரெண்டு பாட்டில் பக்கத்து பக்கத்துல இருந்துச்சு, ஒண்ணுல பினாப்தலீன், இன்னொண்ணுல துடைக்கிறதுக்கு வச்ச வெறும் ஸ்பிரிட். ரெண்டும் தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், வாசனையும் ஒண்ணு தான். ரெண்டு லேபிளும் பால் பாயிண்ட் பேனால எழுதினது. ஊத்தும்போதெல்லாம் ஒரு துளி பாட்டில் வெளிய வழிஞ்சு லேபிள் மேல இறங்கும், ஆல்கஹால்ல பேனா மை கரையும், அப்படியே நீலமா பரவி பரவி ஒரு நாள் எழுத்தே இல்லாம போச்சு. யாரோ நல்ல எண்ணத்துல தான் புதுசா லேபிள் எழுதி ஒட்டியிருக்காங்க, ஆனா மாத்தி ஒட்டிட்டாங்க.

மறுநாள் ஒரு பேட்ச் பசங்க டைட்ரேஷன், அதாவது முதல்ல சொன்ன அந்த சொட்டு சொட்டா விடற வேலை, செய்யறாங்க. 20 மில்லி சுமாருக்கு நிறம் மாறுற எண்ட் பாயிண்ட் வரணும், 25 ஆச்சு, 30 ஆச்சு, ஒருத்தருக்கும் ரோஸ் வரல. சார் காரம் கெட்டுப் போச்சான்னு கேக்குறாங்க. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சு புதுசா காரம் கலந்து குடுத்தேன், அப்பவும் வரல. அன்னிக்கு கிளாஸ் அப்படியே போச்சு. சாயங்காலம் லேப் மேடையை சலவை சோடா கரைச்ச தண்ணியில துடைக்க ஆரம்பிச்சோம், சோடாவும் காரம் தான். வெள்ளை டைல்ஸ் போட்ட மேடைங்க அது. துணி போற பாதையிலயே ரோஸ் கலர் எழும்புது. முதல்ல வட்டம் வட்டமா, பாட்டில் அடி வச்ச இடமெல்லாம் வளையம். அப்புறம் பெருசா பட்டை பட்டையா, முந்தின நாள் மார்க்கர் கறையை ஸ்பிரிட்னு நினைச்சு துடைச்ச இடம் அது. குழாய் திருகுல விரல் அச்சு, டிராயர் கைப்பிடியில விரல் அச்சு, நாலு விரலும் தனித்தனியா தெரிஞ்சுது. எங்கூட இருந்த பையன் சோப்பு போட்டு கை கழுவப் போனான், நகக்கண்ணுல லேசா ரோஸ். அப்படியே நின்னுட்டான்.

ஒரு நாள் முழுக்க அது எங்க கையிலயும் மேடையிலயும் இருந்திருக்கு, ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல. ஆல்கஹால் பறந்து போயிடும், சாயம் அங்கயே உக்காந்திருக்கும். மெத்தில் ஆரஞ்ச் கொட்டினா உடனே கறை தெரியும், துடைப்போம். பினாப்தலீன் கொட்டினா காஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அதனால தான் இதுக்கு தனி கவனம் வேணும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். அன்னில இருந்து வேலை முடிஞ்சதும் சோடா தண்ணியில நனைச்ச துணியால மேடையை ஒரு தடவை துடைக்கிறது எனக்கு பழக்கமாயிடுச்சு, எங்க சிந்தியிருக்குன்னு அந்த சாயமே காட்டிக் குடுத்துரும். கிளவுஸ் போட்டுக்கிட்டு துடைங்க, ரோஸ் வராம போற வரைக்கும் துடைங்க.

லேபிள். இதை கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். பென்சில்ல எழுதுங்க. பென்சில் கரி ஆல்கஹால்ல கரையாது, தண்ணியிலயும் கரையாது, எழுதி மேல டேப் ஒட்டிட்டா வருஷக்கணக்கா நிக்கும். என்ன எழுதணும்னா, பேரு, எத்தனை சதவீதம், எதுல கரைச்சது, என்னிக்கு கலந்தது, யாரு கலந்தது, அதோட "தீப்பிடிக்கும்"னு ஒரு வார்த்தை. எதுல கரைச்சதுங்கறதை தான் எல்லாரும் விட்டுடறாங்க, ஆனா பாட்டிலை எங்க வைக்கணும்னு முடிவு பண்றதே அது தான். இன்னொண்ணு, ஊத்தும்போது லேபிள் உள்ளங்கை பக்கம் இருக்கற மாதிரி பிடிங்க, வழியறது எதிர்ப்பக்கமா வழியும், லேபிள் பிழைச்சுக்கும்.

எங்க வைக்கிறதுன்னு பாத்தா, சுத்த ஆல்கஹால் 13, 14 டிகிரி செல்சியஸ்லயே தீப்பிடிக்கிற அளவு ஆவி விடும், நம்ம ரூம் அதை விட சூடு தான. அந்த ஆவி காத்தை விட கனம், மேடை மேலயே தவழ்ந்து போயி எட்டி இருக்கற பர்னரை தொடும். தீ வந்தாலும் வெளிர் நீலம், பகல் வெளிச்சத்துல சட்டுனு கண்ணுக்கு தெரியாது. அதனால மேடையில 50 மில்லி பாட்டில் போதும், ஸ்டாக் எல்லாம் தீப்பிடிக்கிற பொருள் வைக்கிற அலமாரியில, நைட்ரிக் ஆசிட், பெர்மாங்கனேட் மாதிரி ஆக்சிஜனேற்றிகள் பக்கம் போகாம இருக்கணும். வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, உள்ள இருக்கற ஸ்விட்ச்ல வர்ற சின்ன பொறி போதும், மூடின பெட்டிக்குள்ள ஆவி சேர்ந்திருந்தா அவ்வளவு தான். வெயில் படாத இடம், மூடி இறுக்கமா இருக்கணும். டிராப்பரோட ரப்பர் குமிழை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, ஆல்கஹால் ஆவி பட்டு பட்டு பிசுபிசுன்னு ஆகியிருந்தா மாத்திடுங்க. ஈரமான டிராப்பரை உள்ள விட்டா பால் மாதிரி கலங்கும், அது சாயம் கரைசலை விட்டு வெளிய வர்றது, அதை வச்சு டைட்ரேஷன் செய்யாதீங்க. மெத்தில் ஆரஞ்சை பெரும்பாலும் தண்ணியில கரைப்பாங்க, அதுக்கு தீ பயம் இல்ல, ஆனா நாளான கரைசல்ல பூஞ்சை மிதக்கும், வெளிச்சத்துல பிடிச்சு பாத்துட்டு எடுங்க.

பினாப்தலீன் மருந்து தான, ஒண்ணும் செய்யாதுன்னு சில பெரியவங்க சொல்வாங்க. 1871ல அடால்ஃப் ஃபான் பேயர் முதல்ல தயாரிச்ச பொருள் இது, அப்புறம் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இருந்து பேதி மருந்தா வித்தாங்க, மிட்டாய் மாதிரி கூட வித்தாங்க, உண்மை தான். ஆனா எலிகளுக்கு குடுத்து பாத்ததுல கட்டிகள் வந்துச்சு, 1999ல அமெரிக்காவுல கடையில நேரடியா விக்கிற பேதி மருந்துல இது கூடாதுன்னு எடுத்துட்டாங்க, உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மனுஷங்களுக்கு புற்றுநோய் வர வைக்கக்கூடும்ங்கிற பட்டியல்ல வச்சிருக்கு. பயந்து ஓட சொல்லல, ரெண்டு சொட்டு விடறதால ஒண்ணும் ஆகாது. ஆனா வாயால பிப்பெட் உறிஞ்சுறது, கை கழுவாம சாப்பிட போறது, இதெல்லாம் வேண்டாம். மெத்தில் ஆரஞ்சும் முழுங்கினா விஷம் தான்.

பினாப்தலீன் பவுடர் பத்தி நிறைய சொல்ல நினைச்சேன், கடிகாரம் அந்தப் பக்கம் போயிடுச்சு. 25 கிராம் பாட்டில் ஒண்ணு வாங்கினா 1 சதவீதத்துல ரெண்டரை லிட்டர் வரும், மில்லிக்கு 20 சொட்டுன்னு வச்சாலும் 50,000 சொட்டு, ஒரு சின்ன பள்ளிக்கூடத்துக்கு அது எத்தனை வருஷத்துக்குன்னு பாத்துக்கங்க. என்னைக் கேட்டா கலந்த கரைசலா கொஞ்சமா வாங்குங்க, பவுடர் தூசி மூக்குக்கு போற வேலையே மிச்சம். பவுடர் சிந்தினா ஊதாதீங்க, பெருக்காதீங்க, ஈர டிஷ்யூ போட்டு ஒத்தி எடுங்க. கண்ணுல தெறிச்சா உடனே ஓடற தண்ணியில கழுவ ஆரம்பிங்க, கான்டாக்ட் லென்ஸ் இருந்தா கழுவிக்கிட்டே எடுத்துடுங்க, 15 நிமிஷம் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க.

கண்ணாடிக்கு வெளிய கை காட்டுறாங்க, கடைசியா ஒண்ணு மட்டும். பழைய கரைசலை சிங்க்ல ஊத்தாதீங்க, தீப்பிடிக்கிற கழிவுக்குன்னு இருக்கற கேன்ல ஊத்துங்க, ஆனா அந்த கேன்ல நைட்ரிக் ஆசிட் இருக்கான்னு முதல்ல லேபிளைப் பாருங்க, ஆல்கஹாலும் நைட்ரிக் ஆசிடும் சேர்ந்தா கொஞ்ச நேரம் சும்மா இருக்கற மாதிரி இருந்துட்டு கேஸ் கிளம்பும், மூடியை இறுக்கி வச்சிருந்தா கேனே வெடிச்சுரும். நன்றிங்க, வணக்கம்.