விலகல் மருந்துக்குக் காசு போதாதபோது

நேயர்களுக்கு வணக்கம். ஹெராயினோ, மார்ஃபினோ, டிரமடால் போன்ற வலி மாத்திரையோ, ஓப்பியாய்டு வகை எதற்கும் உடம்பு பழகிவிட்டால், அதை நிறுத்தியதும் வாந்தி, வயிற்றுப்போக்கு, மேல்வலி, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் ஒன்றாக வந்து சேரும். இந்த விலகல் அறிகுறிகளைத் தாங்க மருந்து உண்டு. ஆனால் மருந்துக்கடையில் விலையைக் கேட்டதும் பலர் அங்கேயே மனம் உடைந்து, பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்தான் இந்த உரை.

விலையைக் கேட்டு மலைப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதே வேலையைச் செய்யும் குறைந்த விலை மருந்து எனக்கு ஒத்துவருமா?" பெரும்பாலும் பதில் இருக்கும். லோஃபெக்சிடினை எடுத்துக்கொள்வோம். ஓப்பியாய்டு விலகலுக்கென்றே அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்ற மருந்து. அதே குடும்பத்தைச் சேர்ந்தது குளோனிடின். ரத்தக் கொதிப்புக்காகப் பல்லாண்டுகளாக விற்பனையில் உள்ள பழைய மருந்து, அதனால் விலை மிகக் குறைவு. விலகலுக்கென அது பதிவாகாத நாடுகளிலும் மருத்துவர்கள் நெடுங்காலமாகவே எழுதித் தருகிறார்கள். அறிகுறிகளைத் தணிப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. குளோனிடினில் ரத்த அழுத்தம் கூடுதலாக இறங்கும், அதுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு வேளைக்கும் முன் அழுத்தம் பார்க்க வேண்டும்; மேல் எண் 90-க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ அந்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேளுங்கள். அழுத்தம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கினாலும் போதும்.

லோஃபெக்சிடின்தான் வேண்டும் என்றால் முழுக் கணக்கையும் முதலிலேயே போடுங்கள். 0.18 மில்லிகிராம் மாத்திரை, வழக்கமான தொடக்க அளவு வேளைக்கு மூன்று, நாளுக்கு நான்கு வேளை. அப்படியானால் நாளொன்றுக்கு 12, ஒரு வாரத்துக்கு 84. சிலருக்கு 14 நாள் வரை தேவைப்படும். கடைசியில் இரண்டு முதல் நான்கு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும், அதற்கும் மாத்திரை வேண்டும். ஒரு அட்டையின் விலையை மட்டும் கேட்டுத் தொடங்கி, நான்காம் நாள் கை காலியாகிப் பாதியில் நின்றால், செலவழித்தது மொத்தமும் வீண்.

இன்னொரு வழி பியூப்ரெனார்ஃபின், இதுவும் ஓப்பியாய்டு வகைதான், ஆனால் சிகிச்சைக்காக அளவோடு தருவது. விலகலைத் தணிப்பதில் மேற்சொன்ன இரண்டையும்விட இது நன்றாக வேலை செய்கிறது, சிகிச்சையை முடிப்பவர்களும் அதிகம். என் கருத்தில், பணம் குறைவாக உள்ளவர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் இதையும், இதைப் போலவே சிகிச்சைக்குத் தரும் இன்னொரு ஓப்பியாய்டான மெத்தடோனையும் 2005-லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் பல நாடுகளில் அரசு மையங்கள் இலவசமாகவோ சலுகை விலையிலோ தருகின்றன. சொந்தக் காசில் வாங்குவதானால், நாக்கின் அடியில் வைக்கும் ஜெனரிக் மாத்திரை, படலமாக வரும் வடிவத்தைவிடப் பெரும்பாலும் மலிவு. சீட்டில் வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். ஓர் எச்சரிக்கை: உடம்பில் பழைய போதை மிச்சம் இருக்கும்போதே இதைப் போட்டால் விலகல் திடீரென்று கடுமையாகிவிடும். ஹெராயின் போன்றவற்றுக்குக் குறைந்தது 12 மணி நேர இடைவெளி வேண்டும், மெத்தடோனுக்கு அதைவிட நீண்ட இடைவெளி. அறிகுறிகள் நன்றாகத் தெரிந்த பிறகே முதல் மாத்திரை.

காப்பீடு இருப்பவர்கள் "கிடையாது" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வராதீர்கள். மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. முன் அனுமதி இல்லை என்றால் மருத்துவர் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டியது என்றால், ஏன் அவ்வளவு தேவை என்று அவர் எழுதித் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மருந்து என்றால், மலிவான மருந்து ஏன் ஒத்துவரவில்லை என்பதை, உதாரணமாக குளோனிடினில் அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்பதை, எண்ணோடு காட்ட வேண்டும். "அவசர மறுஆய்வு" என்று விண்ணப்பத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

தயாரிப்பு நிறுவனங்களின் உதவித் திட்டங்களும் உண்டு. வருமானச் சான்று, மருத்துவர் கையொப்பம் கேட்பார்கள். பதில் வர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். விலகலோ, குறுகிய நேரம் வேலை செய்யும் ஓப்பியாய்டுகளில், 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். ஆகவே மருந்து கைக்கு வந்த பிறகே நிறுத்தும் நாளைக் குறியுங்கள். ஏற்கெனவே அவதியில் இருப்பவர் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகள் தாமாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு மெத்தடோனோ பியூப்ரெனார்ஃபினோ தொடர்ந்து கொடுப்பதுதான் முறை.

மருந்து விலை மட்டும் செலவல்ல. சிறுநீர்ப் பரிசோதனை, ஆலோசனைக் கட்டணம், தினமும் மையத்துக்குப் போய்வரும் பயணம் எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுத்துச்செல்லும் அளவு எப்போது கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். பயணச் செலவு அதில்தான் குறையும்.

சிக்கனம் என்று நினைத்துச் செய்யக்கூடாதவை சில. சீட்டு கேட்காத இணையக் கடைகளில் வாங்காதீர்கள், போலி மாத்திரைகளில் மிகக் கடும் வீரியமுள்ள ஓப்பியாய்டான ஃபென்டனில் கலந்திருந்து உயிர் போயிருக்கிறது. வயிற்றுப்போக்கு மாத்திரையான லோபரமைடை அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். குளோனிடினைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும்.

வாங்கும் பட்டியலில் நலாக்சோனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஓப்பியாய்டு அளவு மிஞ்சி மூச்சு தடைபட்டால் அதை முறிக்கும் மருந்து இது. விலகல் முடிந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, முன்பு எடுத்த அதே அளவே மூச்சை நிறுத்திவிடக்கூடும். நலாக்சோனைப் பல இடங்களில் சுகாதார அமைப்புகள் இலவசமாகத் தருகின்றன. மயங்கிக் கிடப்பவர் தனக்குத்தானே அதைக் கொடுத்துக்கொள்ள முடியாது. அதனால் எங்கே வைத்திருக்கிறது, எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். கொடுத்த கையோடு ஆம்புலன்சை அழைக்கவும் சொல்லுங்கள், நலாக்சோனின் வேலை முடிந்ததும் மூச்சு மறுபடி தடைபடலாம். நன்றி, வணக்கம்.