எண்ணெய்த் தரையும் சுடுதண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். நாமக்கல் வட்டாரத்தில் லாரி பட்டறைகளுக்குத் தரை கழுவிக் கொடுப்பதும், கழுவுகிற மெஷின்களைப் பழுது பார்ப்பதும் என் தொழில். ரேடியோவில் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்டார்கள், "தரை கழுவுவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று. இருக்கிறது.

இன்ஜின் இறக்குகிற இடத்தை ஒரு தடவை குனிந்து பாருங்கள். கியர் ஆயில், பழைய இன்ஜின் ஆயில், கிரீஸ், சாலையிலிருந்து வந்த மண், இரும்புத் தூள், கை துடைத்துப் போட்ட பனியன் வேஸ்ட் நூல், எல்லாம் சேர்ந்து தார் ஊற்றிய மாதிரி ஒரு படலம். செருப்பு ஒட்டி ஒட்டி வரும். அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், ஆள் வழுக்கி விழ.

மரத்தூள் தூவிக் கூட்டுவார்கள். அது மேலே நிற்கிற எண்ணெயை எடுக்கும், தப்பில்லை. டீசல் ஊற்றித் தேய்ப்பவர்களும் உண்டு. கெட்டியாகக் கிடந்த எண்ணெயை அது இளக்கி, காங்கிரீட்டுக்குள் இன்னும் ஆழமாக இறக்கிவிடும். மூன்றாவது ஆசிட். ஊற்றியதும் சுர்ரென்று நுரைக்கும், அழுக்கு கரைகிறது என்று நினைப்போம். கரைவது சிமெண்டு. எண்ணெயை ஆசிட் ஒன்றும் செய்யாது.

நான் முதலில் வாங்கியது பச்சைத்தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிற மெஷின், 150 பார். பார் என்பது அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தத்தில் நாசிலை, அதாவது பீய்ச்சுகிற முனையை, விட்டு வெளியே வரும் தண்ணீரின் வேகம், கணக்குப் போட்டால், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன். ஒரு பட்டறையில் கறை போகவில்லை என்று ஊசி மாதிரி பீய்ச்சுகிற நாசிலைப் போட்டு, தரைக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தேன். சிமெண்டுத் தோல் உரிந்து ஜல்லி தெரிந்தது, கோடு கோடாக. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் அப்படியே இருந்தது. பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏப்பா, கழுவச் சொன்னா உழுது வெச்சிருக்கறயே!"

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காங்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே மெல்லிய துளைகள் நிறைந்தது. எண்ணெய் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் மேலே இருப்பதைத் தள்ளும். உள்ளே இருப்பது கிளம்பி வர வேண்டுமென்றால் அது இளக வேண்டும். நெய்க் கிண்ணத்தைப் பச்சைத்தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லாரியில் ஊற்றுகிற 90 நம்பர் கியர் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரியில் இருக்கிற அதன் கெட்டித்தன்மை 100 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அந்த வேலையை எத்தனை பார் அழுத்தமும் செய்யாது.

ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கெர்ஷர் 1950இல், ஐரோப்பாவின் முதல் உயரழுத்தக் கழுவும் மெஷினைச் செய்தபோதே அதைச் சுடுதண்ணீர் மெஷினாகத்தான் செய்தார். வீட்டு வாசலில் கார் கழுவுகிற சின்ன மெஷினை அவர் தொடங்கிய கம்பெனி கொண்டுவந்தது 1984இல். நம் ஊரில் எல்லோரும் பார்த்தது இந்தச் சின்னதைத்தான், அதனால்தான் மெஷின் வாங்கப் போகிறவர் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை பார்?" என்று இருக்கிறது. எத்தனை டிகிரி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

மெஷினுக்குள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பம்ப் தள்ளுகிற தண்ணீர் சுருள் சுருளான இரும்புக் குழாய் வழியாகப் போகிறது. நாங்கள் காயில் என்போம். அதை டீசல் பர்னர் சூடாக்குகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற மணிக்குச் சுமார் 4 லிட்டர் டீசல் ஆகும். செலவுதான்.

அதைவிடப் பெரிய செலவை நம் போர் தண்ணீர் வைக்கும். உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று வெந்நீர்ப் பானையின் அடியைப் பார்த்தாலே தெரியும். பழுதுக்கு வந்த ஒரு காயிலை அறுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, பேனா ரீஃபில் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. வாங்கும்போது, தண்ணீரில் சுண்ணாம்பு படியாமல் மாற்றித் தருகிற சாஃப்ட்னருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காதவர்கள் என்னிடம் சீக்கிரமே வருவார்கள். எனக்கு வருமானம், ஆனால் வேண்டாம். வேலை முடிந்ததும் பர்னரை மட்டும் அணைத்துவிட்டு, வருகிற தண்ணீர் ஆறும்வரை மெஷினை ஓடவிடுங்கள்.

கழுவுகிற முறையைப் பார்க்கலாம். கட்டியாக இருக்கிற கிரீஸ் 80 டிகிரியிலும் முழுக்க உருகாது, இளகும் அவ்வளவுதான். அதனால் முதலில் மண்வெட்டியால் சுரண்டி அள்ளிவிட வேண்டும். பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற, காரம் கலந்த டிகிரீசர் என்ற சோப்புக் கரைசலைத் தெளித்து, பத்து நிமிடம், காயவிடாமல். தேய்த்துவிட்டுச் சுடுதண்ணீர். விசிறி மாதிரி 25 டிகிரி கோணத்தில் விரிகிற நாசில், தரையிலிருந்து ஒரு அடி தூரம். பெரிய தரை என்றால் மூடிக்குள் இரண்டு நாசில் சுழல்கிற வட்டத் தட்டு கிடைக்கிறது. கோடு விழாது, மேலே தெறிக்காது.

செருப்புக் காலோடு, தண்ணீர் பீய்ச்சுகிற கன்னைக் கையில் பிடிக்காதீர்கள். சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற காயம் அல்ல அது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பர்னர் புகையை மூடின ஷெட்டுக்குள் தங்கவிடவும் கூடாது.

அப்புறம் கழுவின தண்ணீர். பலரும் அதைச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஏரி, ஆறு மாதிரி நீர்நிலைகளில் விடுகிற கழிவுநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய், கிரீஸ் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. பொதுச் சாக்கடைக்கு 20. ஒரு தொட்டியில் தேக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். இங்கேதான் டிகிரீசரை அள்ளி ஊற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சோப்பு அதிகமானால் எண்ணெய் பால் மாதிரி தண்ணீரோடு கலந்துவிடும், இரண்டு நாள் ஆனாலும் பிரியாது. தண்ணீர் நன்றாகச் சூடாக இருந்தால் சோப்பு பாதி போதும்.

இத்தனையும் செய்தால் தரை புதுசு மாதிரி ஆகிவிடுமா? பதினைந்து வருஷப் பட்டறை என்றால் ஆகாது. சாயங்காலம் வெளுத்துக் கிடக்கும், பார்க்க அழகாக இருக்கும். மறுநாள் காலையில் தரை காய்ந்ததும், கியர் பாக்ஸ் இறக்குகிற இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் எழும்பி நிற்கும். ஆழத்தில் இருந்தது மெதுவாக மேலே வருகிறது. அதனால் ரேட் பேசும்போதே இரண்டு தடவைக்குச் சேர்த்துத்தான் நான் பேசுவேன்.

நன்றி, வணக்கம்.