லியுப்லியானா: நடப்பவர்களின் ஊர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இத்தனை அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வர்த்தகர் சங்கப் பெரியோர்களே, எனக்கு அகரம் கற்பித்த ஆசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, வணக்கம். ஐயா இந்த வயதில் படியேறி வந்தது என் பாக்கியம்.

"பதறாத காரியம் சிதறாது" என்பார் என் அப்பா. அந்தச் சொல்லை அப்படியே ஊராகக் கட்டிவைத்தது போல ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஸ்லோவேனியாவின் தலைநகர் லியுப்லியானா. அதன் ஆறு, கட்டடங்கள், தெரு மூன்றையும் பற்றிச் சொல்கிறேன்.

ஆற்றின் பெயர் லியுப்லியானித்சா. குன்றின் மேல் கோட்டை, கீழே பச்சைத் தண்ணீர், கரையோரம் நீரைத் தொடத் தாழும் மரக்கிளைகள். 1901இல் கட்டிய பாலத்தின் மூலைகளில் இறக்கை விரித்த டிராகன்கள். பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இன்னொரு பாலம். 1842இல் கட்டிய கல்பாலத்தில் நெரிசல் கூடியபோது, யோஷே பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர் பழையதை இடிக்கவில்லை. இருபுறமும் நடப்பவர்களுக்கென்றே ஒவ்வொரு பாலம் சேர்த்தார். 1932இல் வேலை முடிந்தது. இன்று மூன்றிலுமே வண்டி கிடையாது. கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் இதமாகச் சூடேறியிருந்தது. ஹாரன் சத்தம் இல்லாததால் கீழே தண்ணீர் போவது காதில் விழுந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. சந்தைக்குப் பக்கத்தில் வந்ததும், "இனி ஓர் அடி வைக்க முடியாதுங்க" என்று திண்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ கிடையாது, டாக்ஸி உள்ளே வராது. நான் கைபிசைந்து நிற்கிறேன். செர்ரி விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி பார்த்துவிட்டார். பாஷை தெரியாது. தன் முழங்காலைத் தட்டி, இவள் முழங்காலைக் காட்டி, தெருவைப் பார்த்துக் கையை வீசினார். ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு சின்னப் பச்சை மின்வண்டி வந்து நின்றது. இறங்கும்போது நான் காசை நீட்டினேன், ஓட்டுநர் தலையாட்டினார். குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்று இவள் இன்னொரு நோட்டை எடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே இவள் விரல்களை நோட்டின் மேல் மடக்கிவிட்டார். நகராட்சியின் இலவச வண்டி அது, கூப்பிட்டால் நிற்கும். முதியவர்களுக்கு வழி செய்த பிறகுதான் தெருவை வண்டிகளுக்கு மூட வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, ஸ்லோவேனியக் கவிஞர் ப்ரெஷெரன் சிலை நிற்கும் சதுக்கத்தில் 2007 வரை காரும் பஸ்ஸும் ஓடின. இன்று குழந்தைகள் ஓடுகிறார்கள். 2016இல் ஐரோப்பியப் பசுமைத் தலைநகர் விருதும் வந்தது. கட்டடங்களைப் பற்றிப் பேச நேரமில்லை, மன்னியுங்கள்.

நம் தேரடி வீதிகள் நடப்பதற்காகப் போட்டவை. வர்த்தகர் சங்கப் பெரியோர்களே, உங்கள் அச்சம் எனக்குத் தெரியும். அங்கே கடைகள் திறந்தேதான் இருக்கின்றன, நடப்பவர்கள் நின்று வாங்குகிறார்கள். பதறாத காரியம் சிதறாது: எடுத்தவுடன் எல்லா வீதியையும் வண்டிகளுக்கு மூட வேண்டாம். கீழவீதி மட்டும், ஞாயிறு மாலை மட்டும், முட்டி வலிக்காரர்களுக்கு இரண்டு பேட்டரி வண்டிகளோடு தொடங்குவோம். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது, முதல் கையெழுத்தை ஆசிரியர் ஐயா போட்டிருக்கிறார்.